உடைக்காமல் விட்ட மரத்துண்டு

ஐப்பசி 19, புதன்

முக்கூடல் கொட்டகையில் நாங்கள் கட்டும் பழைய பந்தய விமானத்தின் முழு அளவு நகலில் இன்று இடது இறக்கைக்கு வண்ணம் அடித்து முடித்தோம். எல்லாம் மரச்சட்டமும் அதன்மேல் இழுத்துத் தைத்த துணியும்தான். பசை கலக்கும்போதெல்லாம் அதே பசையில் இரண்டு மரத்துண்டுகளை ஒட்டிவைத்து, மறுநாள் உடைத்துப் பார்ப்போம். மரம் பிய்ந்தால் நல்லது. ஒட்டு விட்டால் அந்த வேலையையே பிரிக்கவேண்டும்.

மத்தியானம் கூட்டாளி காதர் பாய் கேட்டார். "எல்லாத் துண்டையும் உடைச்சுப் பாத்தாச்சுல்லா வே?"

"ஆமா பாய்." நம்பித்தான் சொன்னேன்.

அவர் தொழுகைக்குப் போனபின் பெருக்கும்போது மேசைக்கடியில் ஒன்று கிடந்தது. அதில் என் பென்சில் எழுத்து: இடது இறக்கை, நடுச்சட்டம். ஒரு மழை நாளில் ஒட்டியது. கையால் லேசாக வளைத்தேன். மரம் பிய்யாமல் ஒட்டு வழவழவென்று விட்டுவிட்டது.

திரும்பி வந்தவர் இறக்கையைத் தடவினார். "தையல் தெரியவே இல்ல, பாத்தீரா?" இருபது நாள் அவர் கையால் போட்ட தையல். துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நல்லா வந்திருக்கு பாய்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விமானத்தை ஓட்டப்போகிறவர் வருகிறார். துணியைக் கிழிக்காமல் அந்தச் சட்டத்தைப் பார்க்க முடியாது. கிழிக்கப் பிளேடைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன். நாளைக் காலை பாய் ஒன்பதுக்குத்தான் வருவார். நான் எட்டுக்கே போய்விடவேண்டும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் கிழிக்க முடியாது.