நிற்காமல் போன வேன்

மேற்கு மாம்பலம்,
புதன்கிழமை

அன்பு மகன் செம்பியனுக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை மகனே, அமெரிக்க ஜெயிலில் இருந்தாலும் நீ உயிரோடு இருக்கிறாய், இங்கே நாங்களும் இருக்கிறோம், அவ்வளவுதான். சனிக்கிழமை நீ போனில் அழுதது இன்னும் காதில் நிற்கிறது. எல்லை தாண்டியதும் ஏஜென்ட்டின் ஆள் வேனிலிருந்து இறங்கிக்கொண்டு, உங்களில் யாருக்கு ஓட்டத் தெரியும் என்று கேட்டதாகவும், நீ ஸ்டியரிங்கைப் பிடித்ததாகவும், செக்போஸ்டில் கை காட்டியபோது பயத்தில் நிற்காமல் மிதித்துவிட்டதாகவும் சொன்னாய். இருபத்தாறு வருஷமாக ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன், உனக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான், கை காட்டினால் ஓரம் கட்டணும் என்றுதானே முதல் நாளே சொன்னேன்.

லஸ்ஸில் வக்கீல் ஜெயஸ்ரீ மேடத்தைப் போய்ப் பார்த்தேன். பேப்பர் இல்லாமல் எல்லை தாண்டியதற்கு முதல் தடவை என்றால் ஆறு மாதம் வரை ஜெயிலாம், ஆனால் செக்போஸ்டில் நிற்காமல் வேகமாக ஓட்டித் தப்பப் பார்த்தது தனிக் குற்றமாம், அதற்கு ஐந்து வருஷம் வரை போகலாமாம், அதன்பிறகு திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுன்னு எழுதி கையெழுத்து போட்டு அனுப்பு நைனா, கூட வந்த ஜெரால்டு ஓட்டினான்னு சொல்லிக்கிறேன், வேன் மணல்ல சிக்கினதும் எல்லாரும் எறங்கி ஓடிட்டோம், யாரு ஓட்டினதுன்னு ஒருத்தரும் பாக்கல" என்றாய். பெற்றவன்தானே, எழுதி வைத்தேன். பொய் என்று தெரிந்தால் உங்கள் மேலும் கேஸ் வரும் என்றார் மேடம், அதற்கு நான் பயப்படவில்லை.

திங்கட்கிழமை ஜெரால்டின் அம்மா ஆரோக்கியமேரி பட்டினப்பாக்கத்திலிருந்து வீட்டைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள், மீன் விற்ற கையோடு. "அண்ணே, எம்புள்ள சைக்கிள்ல போனாலே வுழுவான், வேன் ஓட்டினியான்னு இன்னாத்துக்கு அவனையும் புடிச்சி வச்சிக்கினு கீறாங்கோ? உங்க புள்ளைக்கு ஓட்டத் தெரியுமாண்ணே?" என்றாள். நான் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். சமையல்கட்டிலிருந்து உன் அம்மாதான், எங்க செம்பியனுக்கு வண்டியத் தொடக்கூடத் தெரியாது என்றாள். அந்தப் பொம்பளை அதை அப்படியே நம்பிவிட்டாளடா. "அப்போ உங்க புள்ளையும் பாவம்ண்ணே, ரெண்டு பேருக்கும் சேத்து மெழுகுவத்தி ஏத்தறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தெருமுனை தாண்டுவதற்குள் எழுதியதைக் கிழித்துவிட்டேன். "எவ புள்ளைக்கோசரமோ எம்புள்ளைய உள்ள தள்ளிட்டியேய்யா" என்றாள் அம்மா, அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள், சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, தள்ளியது நான்தான்.

கோர்ட்டில் நீ ஓட்டியதை நீயே சொல்லிவிடு. சொன்னால் தண்டனை குறையுமா என்று மேடத்திடம் கேட்டேன், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், அந்தக் கோபத்தில் சாப்பாட்டைத் தள்ளாதே. குளிரில் காதை மூடிக்கொள். ஜெரால்டைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகாதே. எல்லாச் சாமியும் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

ஐந்து வருஷம் ஆனால் எனக்கு அறுபத்தாறு. உயிர் இருந்தால் உன்னைக் கூட்டிவர ஏர்போர்ட்டுக்கு வந்து நிற்பேன். அம்மாவும் வருவாள், ஆனால் என்னோடு ஒரே ஆட்டோவில் ஏறுவாளா என்று தெரியவில்லை.

உன் அப்பா,
கோதண்டபாணி