பிரிண்டரில் மாட்டியிருந்த கேபிள்

ஏங்க,

நீங்க வாக்கிங் முடிச்சு வர்றதுக்குள்ள நான் கிளம்பறேன். சாப்பாடு மேசை மேல மூடியிருக்கு. பால்காரருக்குப் பாத்திரம் வெளிய வைங்க.

நேத்து உங்க தம்பிகிட்ட போன்ல என்ன அளப்பு! "கம்ப்யூட்டர்ல இருந்து பாட்டு ஸ்பீக்கருக்கு வர்ற கேபிளை மாத்தினதும் பாடறவங்க மூச்சு இழுக்கறதுகூடக் கேக்குது, குடுத்த காசுக்குத் தகும்"னு.

இன்னிக்கு ஸ்கேன் சீட்டை பிரிண்ட் எடுக்கப் போனேன். உங்க ஒரு மாசச் சம்பளத்துக் கேபிள் பிரிண்டர்ல மாட்டியிருக்கு! ஞாயித்துக்கிழமை தூசி தட்டறப்போ ரெண்டு கேபிளையும் கழட்டி மாத்தி மாட்டிட்டேன் போல. ரெண்டும் கறுப்பு, முனையும் ஒண்ணுதான். நேத்து நீங்க மூச்சு கேட்டது பிரிண்டரோட சும்மா வந்த கேபிள்ல.

தப்பு என்னோடதுதான். ஆனா அவ்வளவு நுணுக்கமான காதுக்கு, "வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட வாங்க"ன்னு நான் மூணு தடவை சொன்னது மட்டும் எப்படிங்க விழாமப் போச்சு?

சாவி பக்கத்து வீட்டு அக்காகிட்ட.

பி.கு: கேபிளை அப்புறம் மாத்திக்கலாம். ஆஸ்பத்திரியில ரெண்டாவது மாடி, இன்னிக்குப் பதினொண்ணரைக்கு ஸ்கேன் ரிசல்ட் சொல்வாங்க. எனக்குத் தனியாக் கேக்கப் பயமா இருக்கு.