வலது காதில் சொன்ன மந்திரம்

அன்பு மகள் குந்தவைக்கு, அப்பா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் பசுவும் புதுக் கன்றும் சுகம். அங்கே ஜெர்மனியில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் மாப்பிள்ளையும் காதை நன்றாக மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். குறுவை அறுத்தாயிற்று, சம்பாவுக்கு நாற்று விட்டிருக்கிறோம், வாய்க்காலில் தண்ணீருக்குக் குறைவில்லை. போன வாரம் போனில், அப்பா நீங்களுமா சாமி பின்னாடி போயிட்டீங்க என்று சிரித்தாயே, அதற்குப் பதிலைப் போனில் சொன்னால் அம்மாவுக்குக் கேட்டுவிடும், அதனால்தான் இந்தக் கடிதம்.

அம்மாவை மன்னார்குடி சாமியிடம் பைக்கில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வாசலிலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன்தான் நான். தை மழையில் அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்து கிடந்த சமயம், அவர் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாம் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். தண்ணி எந்தப் பக்கம் வடியுது என்றுதான் கேட்டார். நான் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது கண்ணு. அன்றிலிருந்து நானும் உள்ளே போய் உட்கார ஆரம்பித்தேன்.

ஆனிப் பௌர்ணமிக்கு உபதேசம் கொடுத்தார். ஆளுக்கொரு மந்திரம், வலது காதில் ஒரே தரம் மெதுவாகச் சொல்வார், அதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாது. டீசல் இன்ஜின் பக்கத்தில் நின்று நின்று என் வலது காது போனதுதான் உனக்குத் தெரியுமே, ஒரு எழுத்துகூட விழவில்லை. பின்னால் அத்தனை பேர் நிற்கும்போது மறுபடி கேட்க வெட்கம், தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். தினம் விளக்கு வைத்ததும் அம்மா பக்கத்தில் கண்ணை மூடி உட்கார வேண்டுமே, என்ன செய்வது. முதலில் உரம், வரப்பு என்று ஏதேதோ ஓடியது. பிறகு நான் எப்போதோ ஆசைப்பட்டு வைத்த ஒரு பேர் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. அதையே சொன்னேன், மனசு அடங்கியது. உன் அம்மாவோ, உங்க முகத்துல ஒரு தெளிவு வந்துருக்குங்க, மந்திரம் வேலை செய்யுது என்கிறாள். நான் திருட்டு முழி முழிக்கிறேன். சாமியை ஏமாற்றுகிறோமே என்று சோறு இறங்கவில்லை.

போன வியாழக்கிழமை தனியாகப் போய்ச் சொல்லிவிட்டேன். இனிமேல் வராதே என்றால் அந்த ஆறுதலும் போயிற்றே என்றுதான் பயம். அப்ப இத்தனை நாளா என்ன சொல்லிக்கிட்டு இருந்தீங்க என்றார். சொன்னேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் எழுந்து என் இடது பக்கமாக வந்து உட்கார்ந்து, அந்தப் பேரையே என் காதில் ஒரு தரம் சொல்லி, இதுதான் உங்க மந்திரம், யாருகிட்டயும் சொல்லக் கூடாது என்றார்.

ஆகையால் அது என்ன பேர் என்று உன்னிடமும் சொல்ல மாட்டேன், கேட்காதே. அம்மாவிடம் மூச்சு விடாதே. சனிக்கிழமை மறக்காமல் எண்ணெய் தேய்த்துக் குளி. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். இங்கே விளக்கு வைக்கிற நேரம் உனக்கு அங்கே மத்தியானச் சாப்பாட்டு வேளை. அப்போது புரையேறினால் பயப்படாதே, தலையில் தட்டிக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் குடி. நான்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா நாகநாதன்,
நன்னிலம்.