யார் கையெழுத்து?

மார்ச் 3, திங்கள்

எங்கள் வார்ப்பு ஆலைக்குப் புது எச்.ஆர். தலைவர் விஜயகுமார் வந்துவிட்டார். முதல் வேலையாக கேட்டில் ஒரு போர்டு: "எங்கள் தொழிலாளர்களே எங்கள் போட்டி பலம்." எதிர் கேட் கம்பெனிக்காரன் தினமும் படிக்க வேண்டுமாம். இரண்டாவது வேலை, எல்லாருக்கும் ஏ, பி, சி கிரேடு. கடைசி பத்து சதவீதத்துக்கு சி; சி வாங்கினால் வெளியே. பலத்தில் பத்து சதவீதத்தை வெட்டினால் பலம் கூடுமா? நான் கேட்கவில்லை. கிரேடு ஃபார்மைத் தயாரிப்பது என் வேலை; ரயிலிலேயே போட்டு முடித்தேன், அத்திப்பட்டு வருவதற்குள்.

மார்ச் 11

உலைப் பிரிவில் கடைசி இடம் குப்புராஜ்!

எந்த உலை மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தன் உலையை உதவியாளிடம் விட்டுவிட்டு ஓடுவார். அவர் சரிசெய்து கொடுத்த உருக்கு அந்த உலைக்காரன் பெயரில் ஏறும், இவருடைய எண்ணிக்கை குறையும். இதை எழுத என் ஃபார்மில் கட்டமே இல்லை.

விஜயகுமாரிடம் சொன்னேன். "துர்கா, சிஸ்டத்துல இல்லாதது வேலையே இல்ல. எமோஷனலா பேசாதீங்க."

எமோஷனலாம். இந்த ஆள் ஒரு நாளாவது உலைப் பக்கம் வந்திருப்பானா?

மார்ச் 12

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மார்ச் 14

வேலைநீக்கக் கடிதத்தை குப்புராஜிடம் கொடுத்தேன். என் ஜூனியர் வினோதா ரிஜிஸ்டரோடு பக்கத்தில் நின்றாள்.

"இன்னா மேடம், பதினெட்டு வருஷமா ஓடிக்கினு இருக்கேன். நான் சி-யா?"

"மேலிடத்து ஆர்டர்" என்றேன்.

"உங்க கையெழுத்துதானே கீது?"

அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் சொன்னது சரி என்பதால்தான்.

ஏப்ரல் 22

இரண்டாம் உலைக்குள் உருக்கு உறைந்தே போனது. பக்கத்து உலை அன்புராஜ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். போய்ப் பார்க்கக் கூடாதா என்று கத்தினேன்.

"அங்க போனா என் நம்பர் கொறையும் மேடம். நீங்க போட்ட ஃபார்முதானே?"

பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது.

மே 5

இரண்டாம் உலை நின்றதில் தாமதமான பம்ப் ஆர்டர் எதிர் கம்பெனிக்குப் போய்விட்டது. இன்றே அவர்களிடமிருந்து ஒரு கடிதமும் வந்தது: குப்புராஜ் எப்படிப்பட்டவர், சேர்க்கலாமா?

"சுமார்னு எழுதுங்க" என்றார் விஜயகுமார். "நம்ம ஆள வெச்சு அவன் ஜெயிக்கணுமா?"

நம்ம ஆளாம்! வெட்கமே இல்லையா இவனுக்கு?

நான் எழுதினேன்: "யாருடைய உலை கெட்டாலும் ஓடி வருவார். இவரை வேலையை விட்டு அனுப்பியது எங்கள் தவறு. நீக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது நான்." விஜயகுமாருக்கும் ஒரு நகல் வைத்தே அனுப்பினேன். பார்க்கட்டும்.

மே 16

எனக்கும் சி.

வினோதாதான் கொண்டுவந்தாள், அதே ரிஜிஸ்டரோடு. "மேலிடத்து ஆர்டர் மேடம்." முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நானும் அன்று குப்புராஜ் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வந்தேன். எதிர் கேட் டீக்கடையில் குப்புராஜ், புது யூனிஃபார்மில். என் கையிலிருந்த கவரைப் பார்த்தார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

"யாரு கையெழுத்து மேடம்?"

"வினோதா."

தலையை ஆட்டினார். டீயைக் குடித்து முடித்துவிட்டு ஷிஃப்டுக்கு உள்ளே போனார்.