குதிரை என்னுடையது

ஆகஸ்ட் 4, 1975. திங்கள்

காலையில் புல்லெல்லாம் வெள்ளை. உறைபனி. இந்த நாட்டில் ஆகஸ்ட் என்றால் குளிர்காலக் கடைசி. விரல் மரத்துப்போய் வார்ப்பூட்டு மாட்ட முடியவில்லை.

இன்று முதல் என் குதிரை பெப்பருக்கு வேலை ஆரம்பம். குளிர்காலம் முழுக்க எங்கள் அணித் தலைவர் கொலினின் புல்வெளியில் சும்மா நின்று தின்றவள். வயிறு பூசணிக்காய் மாதிரி. உடம்பெல்லாம் கரடி மயிர். காய்ந்த சேறு சுரண்டச் சுரண்ட உதிர்ந்தது. இது போலோ விளையாடுகிற குதிரை என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

லாடம் அடிக்கிறவர் புதியவர். "குதிரைச் சொந்தக்காரர் எப்போது வருவார்?" என்றார். வந்துவிட்டார், நான்தான் என்றேன். சிரித்தார். லாடம் அடித்து முடியும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார், யாரோ ஒரு ஆண் வந்துவிடுவான் என்பதுபோல. நுவரெலியாவில் பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்து குதிரை ஏறுகிறேன். அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? எரிச்சல் மட்டும் வீடு வரை வந்தது.

திட்டம்: முதலில் நடை மட்டும், தார் ரோட்டில். கால் இறுகட்டும். பிறகு மெதுவோட்டம். பிறகு மேடு. கடைசியில்தான் பாய்ச்சல், மட்டை, பந்து. அவசரப்பட்டால் கால் போய்விடும். ஆட்டங்கள் அக்டோபரில். இந்த முறை நானும் ஆடுகிறேன். கொலின் போன பருவம் முடிந்த அன்று எல்லார் முன்னாலும் சொன்னது: "வசந்தத்தில் எங்கள் நாலாவது ஆள் ராஜி."

வாங்க: ஓட்ஸ், லூசர்ன் புல்லுக் கட்டு, உப்பு (வார் படுகிற தோலைக் கழுவ), சிவாவுக்குச் சவர பிளேட்.

ஆகஸ்ட் 9, சனி

குளிர், ஆனால் வெயில். குவேக்கர்ஸ் ஹில் ரோட்டோரமாக நீண்ட நடை. பெப்பர் தபால் பெட்டிக்கெல்லாம் மிரள்கிறாள். ஒரு கார் வேண்டுமென்றே பக்கத்தில் வந்து ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. உள்ளே இருந்தவர்களின் சிரிப்பு. இலக்கத் தகடு பார்க்கவில்லை, பெப்பரைப் பிடிக்கவே கை போதவில்லை.

அடுத்த தெருப் பரமேஸ் அன்ரி வேலிக்குள் நின்றபடி: "என்ன பிள்ளை, கலியாணம் கட்டின பொம்பிளை இப்பிடிக் குதிரையிலை திரியலாமே? ஆரும் பாத்தா என்ன சொல்லுவினம்?"

"ஆர் அன்ரி பாக்கினம்? மாடுதான் நிக்குது."

அன்ரி மாடுகளைத் திரும்பிப் பார்த்தா. பிறகு, "அதுக்குக் கரட் குடுக்கலாமோ?" என்று கேட்டுக் குசினிக்குள் போய் எடுத்து வந்தா. பெப்பர் தின்னும்போது கையை இழுத்து இழுத்துக்கொண்டா.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மழை. மெதுவோட்டம் தொடங்கினேன். மூச்சு வாங்குகிறாள், ஆனால் முந்தின மாதிரி இல்லை. வார் படும் இடத்தில் தோல் உரசிச் சிவந்திருக்கிறது. குளிர்காலத்தில் மெதுத்துப்போன தோல். இரண்டொரு நாளைக்குச் சேணம் கூடாது. கையில் பிடித்து நடத்துவதே.

இன்றைய செய்தி அதுவல்ல.

கொலின் காரில் வந்தார். இறங்கவில்லை, கண்ணாடியை இறக்கினார். முதல் ஆட்டத்தை முன்னுக்குத் தள்ளிவிட்டார்களாம். செப்டம்பர் நடுவில். பெப்பரை அதற்குள் தயார் செய்ய வேண்டுமாம். அது முடியாது, கால் தாங்காது என்றேன். "கொஞ்சம் வேகப்படுத்து. மெல்பேர்னிலிருந்து மனைவியின் தம்பி ஜெஃப் வந்திருக்கிறான். பெப்பரில் அவன்தான் ஆடப்போகிறான்."

எனக்குப் புரிய நேரம் எடுத்தது. நாலாவது ஆள் நான் அல்லவா என்று கேட்டேன்.

"ராஜி, குதிரையைத் தயார்படுத்துவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. எல்லாருமே சொல்கிறார்கள்."

பாராட்டாம். கண்ணாடி மேலே ஏறிவிட்டது. மழையில் நின்றுகொண்டிருந்தேன். சொல்ல வேண்டியதெல்லாம் கார் போன பிறகுதான் நாக்கில் வந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூட வேலையில் இன்று ஒரு கண்ணாடிக் குழாய் உடைத்தேன். கோபம்.

சாப்பாட்டு நேரம் சிவாவுக்குச் சொன்னேன். செவன் ஹில்ஸ் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த களைப்பு அவருக்கு.

"விடுமன் ராஜி. அவன்ரை காணி, அவன்ரை போலோ ரீம். நாங்கள் என்ன செய்யிறது?"

"காணிக்குப் பதிலாத்தானே போன முறை முழுக்க அவையள் மிளகிலை ஓடினவை? சும்மாவே நிக்கிறது?" (பெப்பரை வீட்டில் மிளகு என்றுதான் சொல்வோம்.)

"அதுக்கு இப்ப சண்டை பிடிக்கப் போறீரே?"

"மிளகு ஆரின்ரை குதிரை?"

சிவா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு தானாகவே, "உம்மடைதான்" என்றார். "எனக்கு அதைக் கண்டாலே பயம்."

சிரிப்பு வந்தது. கோபம் போகவில்லை.

ஆகஸ்ட் 30, சனி



வேலை முடிந்து நேரே கொலினின் இடத்துக்குப் போனேன். பெப்பர் கொட்டகையில் நின்றாள். உடம்பு முழுக்க வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. யாரும் துடைக்கக்கூட இல்லை. இடது முன்னங்காலைத் தொட்டால் சூடு. காலின் பின்பக்க நரம்பில் லேசான வீக்கம். அழுத்தினால் காலை இழுக்கிறாள்.

ஜெஃப் மைதானத்தில் ஓடவிட்டிருக்கிறார். முழுப் பாய்ச்சல், திடீர் நிறுத்தம், திருப்பம், மறுபடி பாய்ச்சல். இன்னும் மேடு கூட ஏறாத குதிரையை. என்னைவிட இரண்டு மடங்கு பாரம்.

ஜெஃப் பேச்சு: "அவளுக்கே ஓட ஆசை. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்."

கொலின் பேச்சு: "ஐஸ் வைத்தால் சரியாகிவிடும். பெரிதுபடுத்தாதே."

என்னைக் கேட்டீர்களா என்றேன். கேட்டால் நீ விடமாட்டாய் என்று தெரியும் என்றார் கொலின். எவ்வளவு லேசாகச் சொல்கிறார். அதையே ஒரு நியாயமாகச் சொல்கிறார்.

குழாய்த் தண்ணீரைக் காலில் விட்டபடி இருட்டும் வரை நின்றேன். என் சப்பாத்துக்குள்ளும் தண்ணீர். அப்போதுதான் அழுதேன், பெப்பர் மட்டும் பார்த்தாள்.

செப்டம்பர் 1, திங்கள்

மிருக வைத்தியர் வந்தார். நரம்பு அறவில்லை. இழுபட்ட நோவுதான். வீக்கம் வடிந்ததும் மறுபடி நடை மட்டும், முதலிலிருந்து. இவ்வளவு நாள் செய்ததெல்லாம் வீண். ஆனாலும் மூச்சு வந்தது எனக்கு.

செப்டம்பர் 6, சனி

நல்ல வெயில். வாட்டில் மரங்களில் மஞ்சள் பூ. கொலினின் இடத்திலிருந்து பெப்பரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மைதானத்துப் பக்கத்து வீட்டு ஜோன் முன்பு பால்மாடு வைத்திருந்தவர். இப்போது தனியாக இருக்கிறார். ரிவர்ஸ்டோனில் அவருடைய பழைய பட்டி சும்மா கிடக்கிறது. போன சனிக்கிழமை நடந்ததைத் தன் வேலிக்குள் நின்று பார்த்தவர். "என் பட்டியில் விடு. மைதானம் இல்லை, புல் இருக்கிறது" என்றார்.

கொலின் வாசல் கேற்றில் நின்றார். "இதோடு எந்த அணியும் உன்னை எடுக்காது, தெரியுமா?"

நீங்களும் எடுக்கவில்லையே என்றேன். இந்த முறை வார்த்தை நேரத்துக்கு வந்தது.

சிவா காரை எங்களுக்குப் பின்னால் மெதுவாக ஓட்டி வந்தார், எச்சரிக்கை விளக்கு மின்ன. பின்னால் வந்த கார்களெல்லாம் ஹோர்ன். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே போட்டு அவர் அவர்களைத் தமிழில் திட்டியது எனக்குக் கேட்டது.

செப்டம்பர் 21, ஞாயிறு

காற்று. காலில் சூடு இல்லை. நடை. பரமேஸ் அன்ரி சொன்னா, முதல் ஆட்டத்தில் கொலினின் அணி தோற்றதாம். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

குளிர்கால மயிர் முழுக்க உதிர்ந்துவிட்டது. தோல் மினுக்கம். மேடு ஏறி இறங்கினோம், இறங்கிய பிறகும் மூச்சுச் சீர். முதல் பாய்ச்சல், கொஞ்சத் தூரம் மட்டும். என் தொப்பி பறந்துவிட்டது. எடுக்கத் திரும்பிப் போகவில்லை.

கால்: குளிர்ச்சி. மூன்று தரம் தொட்டுப் பார்த்தேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

ஜோனின் தம்பி அலன், இன்று கொலினுக்கு எதிராக ஆடுகிற அணியின் தலைவர். வெள்ளிக்கிழமை அவர்களில் ஒருவருக்குக் கை முறிந்துவிட்டது. ஜோன் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். அலன் போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "குதிரையின் கால் எப்படி?" என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதற்காகவே ஓம் என்றேன். இந்த இரண்டு வாரமும் பெப்பர் மட்டைக்கும் பந்துக்கும் பழகியிருந்தாள்.

கடுமையான வெயில், ஈ. முதல் சுற்றில் நான் பந்தைத் தொடவே இல்லை. அடுத்த சுற்றில் ஜெஃப் பந்தோடு வந்தார். பெப்பரைப் பக்கத்தில் கொண்டுபோய்த் தோளோடு தோள் சேர்த்துத் தள்ளினேன். ஆட்டத்தில் அதற்கு இடமுண்டு. பாரம் அவருக்கு, மூச்சு எங்களுக்கு. அவருடைய குதிரை பந்து போகிற பாதையிலிருந்து விலகியது. பந்து எனக்கு. அடித்தேன், கோலுக்கு வெளியே போயிற்று. ஆனாலும் ஜெஃப்புக்குக் கிடைக்கவில்லை. கொலின் பிழை, பிழை என்று கத்தினார். நடுவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

தோற்றோம். கொஞ்சத்தில்.

முடிந்ததும் கொலின் வந்தார். "நன்றாக ஓடினாள். அடுத்த ஞாயிறு ஜெஃப்புக்கு அவளைத் தருவாயா?"

கடவுளே. இல்லை என்றேன். ஒரே சொல். முகம் சிவந்துபோனார், கேட்கக்கூடாததை நான் கேட்டதுபோல.

அக்டோபர் 30, வியாழன்

மேகம். உள்ளூர்ப் பத்திரிகையில் ஆட்டம் பற்றி வந்திருக்கிறது. அலன் அணியில் "மிஸ்டர் ஆர். சிவா" நன்றாகச் சமாளித்தாராம்.

போன் எடுத்தேன். பிழையாகப் போட்டிருக்கிறீர்கள், ஆடியது நான் என்றேன். அங்கே இருந்தவர், "உங்கள் கணவர் அருகில் இருந்தால் அவரிடம் கொஞ்சம் பேசலாமா?" என்றார்.

சிவா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே போனை வாங்கினார். தான் குதிரைக்குக் கிட்டவும் போகிறதில்லை, ஆடினவர் தன் மனைவி, அவரிடமே கேளுங்கள் என்று இங்கிலீஷில் சொல்லித் திருப்பித் தந்தார்.

என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். வெறும் "ஆர்." அல்ல, முழுப் பெயர். ராஜேஸ்வரி. அவர் எழுதி, திருப்பிச் சரியாகச் சொல்லும்வரை போனை வைக்கவில்லை.