பட்டாசுக்குப் பயந்த இருவர்

என் உயிரான அக்கா,

நீ போன பிறகு வரும் முதல் சித்திரை வருஷப்பிறப்பு. நம் ஊர் அம்பிட்டியக் கடைகளில் பட்டாசு வந்துவிட்டது. நம் நாய் டைகர் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.

முன்பெல்லாம் வெடி தொடங்குமுன் அவனை வெளியே கூட்டிப்போய் வருவாய். ஜன்னல்களைச் சாத்தி, ரேடியோவைச் சத்தமாக வைத்து, உன் கட்டிலுக்கடியில் பழைய சேலை விரிப்பாய். "ஒண்ணுமில்லடா, அக்கா இருக்கேன்" என்று முதுகைத் தடவிக்கொண்டே இருப்பாய்.

சண்டைக் காலத்தில் ஒரு வருஷம் யாரோ முந்திக்கொண்டு கொளுத்திய சரவெடிக்குச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினான். டைகர் என்பது, புலிகளோடு சண்டை தொடங்குமுன், அவன் குட்டியாக வந்தபோது வைத்த பெயர். சண்டை வந்த பிறகு 'ராஜா' என்று மாற்றிக் கூப்பிட்டுப் பார்த்தோம். அவன் திரும்பியும் பார்க்கவில்லை.

"வேணாக்கா, ரோட்டுல அந்தப் பேரச் சொல்லாத. புலியத் தேடுற காலம்."

"பேரச் சொல்லாட்டி எப்புடி வருவான்?" என்று ஓடினாய்.

சோதனைச் சாவடியில் உன்னை நிறுத்தினார்கள். நாயைத்தான் கூப்பிட்டேன் என்றாய். யார் நம்பினார்கள்? பொலிஸுக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலை டைகர் தானாக வாசலில் வந்து நின்றான். பக்கத்து வீட்டுச் சிங்களவர் குசுமா அக்கா அவனைக் கயிற்றில் கட்டிக்கொண்டு என்னோடு பொலிஸுக்கு வந்தார். "இதுதான் டைகர், பாருங்க" என்று சிங்களத்தில் சொல்லிக் கயிற்றை விட்டார். மேசைகளுக்கு நடுவே ஓடி உன் மடியில் ஏறினான். ஒரு பொலிஸ்காரர் சிரித்தேவிட்டார்; உன்னை விட்டுவிட்டார்கள். நீ சிரிக்கவில்லை.

அந்த இரவு உனக்கு என்ன நடந்தது? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?

அதன் பிறகு தீபாவளியோ, கிறிஸ்து பிறந்த நத்தாரோ, கட்டிலுக்கடியில் அவன். பக்கத்தில் தரையில், காதைப் பொத்திக்கொண்டு நீ. அவனைத் தேற்ற உனக்குக் குரல் வராது. நடுங்கிக்கொண்டே அவன்தான் உன் கையை நக்கிக்கொண்டிருப்பான். வருஷக்கணக்கில் அப்படியே. கடைசியில் போன மார்கழியில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று காலை யாரோ ஒரு வெடி போட்டுப் பார்த்தார்கள். கிழவனாகிவிட்டான் டைகர்; ஆனால் வழக்கம்போல் கட்டிலுக்கடியில் ஒளியவில்லை. அறை அறையாக உன்னைத் தேடினான். குசுமா அக்கா வேலியோரம் வந்து, "இந்தமுறை எங்க வீட்டுல வெடி இல்ல தங்கச்சி" என்றார்.

வருஷப்பிறப்புக்குப் பதுளைக்கு வரச்சொன்ன சித்தியிடம் வரவில்லை என்றுவிட்டேன். தெருவில் கடைசி வெடி ஓயும்வரை அவனோடு தரையில் படுத்திருப்பேன். இனி எந்தப் பெருநாளிலும் அவனைத் தனியாக நடுங்கவிட மாட்டேன், அக்கா.

உன் கூடப்பிறந்த சின்னவள்