நீ கேட்ட புளித்த பால்

இன்று காலை சமையலறையில் ஒரு நாற்றம். நேற்று வாங்கி ஃபிரிட்ஜில் வைக்க மறந்த பால் பாக்கெட் மேடையிலேயே உப்பிக் கிடந்தது. இவர் எட்டிப் பார்த்து, “பால் புளிச்சுப்போச்சு, கொட்டிடு” என்றார். நான் ஓரத்தைக் கத்தரித்து முகர்ந்தேன். கசப்பும் அழுகலும் கலந்த வாடை. “இது புளிக்கல, கெட்டிருக்கு” என்று என் வாய் தன்னால் சொன்னது. சொன்ன பிறகுதான் அது உன் பேச்சு என்று உறைத்தது. பாலைக் கொட்டிவிட்டுக் குழாயை மூட மறந்து நின்றுகொண்டிருந்தேன்.

வடக்கே நர்ஸ் வேலைக்கு வந்த புதிதில் முனிர்காவில் நாம் இருந்த அறையை இவருக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். வாடகைக்கு விட்டவர் அறைக்குள் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், மருத்துவமனைச் சீருடைகள் காயும் ஒரு கயிறு. பின்சந்தில் எருமைக் கொட்டகை. பணி முடிந்து வரும்போது நீ தூக்குவாளியில் அங்கே பால் வாங்கி வருவாய். காய்ச்ச வழியில்லை. ஒருநாள் இரண்டு ஷிப்டு சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டு வந்து, பாலை மறந்து தூங்கிவிட்டோம். மறுநாள் மூடியைத் திறந்தால் உறையே ஊற்றாமல் பால் இறுகியிருந்தது. மேலே கொழுப்பு தடிப்பாகத் திரண்டு, கீழே அசைத்தால் நடுங்கும் வெள்ளைக் கட்டி. கெட்டுப்போச்சு என்று நான் எடுக்கப் போனேன். நீ கையைத் தடுத்தாய். முகர்ந்தாய், விரலால் தொட்டு நாக்கில் வைத்தாய்.

“கெட்டா நாறும்ட்டி. இது புளிச்சிருக்கு.”

உப்பு போட்டு, பச்சை மிளகாயைக் கிள்ளிப் போட்டு, தாபாவில் வாங்கி வந்த ரொட்டியைப் பிய்த்து அதில் தோய்த்துத் தின்றாய். காய்ச்சாத பாலில் என்னென்ன கிருமி வரும் என்று நான் பாடப்புத்தகத்தை ஒப்பித்தேன். அந்தப் பரீட்சையை நீயும் எழுதித்தானே வந்தாய் என்று சிரித்தாய். ஒரு வாரம் முறைப்பாக இருந்தேன். பிறகு என் பங்குக்கும் ஒரு கிண்ணம் வைத்தாய். தயிரில் இல்லாத ஒரு ருசி அதில் இருந்தது. கோடையில் சாயங்காலத்துக்குள் இறுகிவிடும். குளிர்காலத்தில் உன் ஸ்வெட்டருக்குள் சுற்றி வைத்தாலும் இறுகாது, பால் பாலாகவே இருக்கும். அவசரப்பட்டு மூடியைத் திறக்கும் என்னை நீ திட்டுவாய்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டேன். நீ கல்யாணமே வேண்டாம் என்று முனிர்காவிலேயே வேறு அறைக்கு மாறினாய். கொட்டகையை இடித்து நாலு மாடி கட்டினார்கள். நீ விடவில்லை. ஹரியானா பக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு வரும் பால்காரரைப் பிடித்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து என் வீட்டுக்கு வரும்போது உன் பையில் அந்தக் கிண்ணம் இருக்கும்.

உனக்கு ரத்தத்தில் புற்று என்று தெரிந்த நாளில் நம் இருவருக்கும் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மருந்து ஏற ஏற உன் நாக்கு செத்துப்போயிற்று. எதைத் தின்றாலும் இரும்பை நக்கினாற்போல் இருக்கிறது என்றாய். நான் பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்றித் தயிர் கொண்டுவருவேன். ஒரு கரண்டி தின்றுவிட்டு, நான் கேட்டது இதில்லை என்பாய். ரத்தத்தில் வெள்ளையணு குறைந்திருக்கும்போது பச்சைப் பால் உன் பக்கமே வரக் கூடாது என்று உனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்பாய். வெள்ளையணு ஏறட்டும் என்பேன். ஏறினால் தருவாயா என்பாய். தருகிறேன் என்பேன். ஒவ்வொரு தடவையும் இதே பேச்சு. நான் மறுக்க மறுக்க உன் முகம் தெளியும். மறுக்கிறேன் என்றால் நீ பிழைக்கப்போகிறாய் என்று அர்த்தம்.

டிசம்பரில் டாக்டர் என்னையும் ஊரிலிருந்து வந்திருந்த உன் தம்பியையும் அறைக்குக் கூப்பிட்டார். இனி மருந்து வேண்டாம், வலி இல்லாமல் பார்த்துக்கொள்வோம் என்றார். கிளம்பும்போது, அவர் விரும்பியதைச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். அந்த வாக்கியத்தை எத்தனை குடும்பங்களிடம் நானே சொல்லியிருப்பேன். வெளியே வந்ததும் உன் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னிடம் சொல்லவே கூடாது என்று கெஞ்சினான். பொங்கலுக்கு ஊருக்குப் போய்விடலாம் என்று அவன் உனக்குச் சொல்லி வைத்திருந்தான். உனக்கு மஞ்சள்காமாலை என்றுதான் ஊரில் உன் அம்மாவிடம் சொல்லியிருந்தது.

அன்று பணி முடிந்ததும் உன் பால்காரரைத் தேடிப் போனேன். வீட்டில் அந்தப் பாலைக் கிண்ணத்தில் ஊற்றி, கம்பளியால் சுற்றி அலமாரியில் வைத்தேன். மறுநாள் திறந்து பார்த்தேன், இறுகவில்லை. நிம்மதியாக இருந்தது. அதற்கடுத்த நாளும் பாலாகவே இருந்தது. குளிருக்கு நன்றி சொன்னேன். அது இறுகாதவரை நான் உன்னிடம் ஒன்றும் கொண்டுவர வேண்டியதில்லை. அந்த நாட்களில் நீ கேட்டபோதெல்லாம் வெள்ளையணு ஏறட்டும் என்றேன். என் வாழ்க்கையிலேயே கடினமான பொய் அதுதான். பிறகு ஒரு காலையில் கிண்ணத்தைச் சாய்த்தேன். கட்டி அசையாமல் நின்றது.

உன் கட்டிலருகே மூடியைத் திறந்தேன். வாசனை முதலில் உன்னிடம் வந்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்தாய். கிண்ணத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய்.

“பச்சைப் பாலா?”

“ஆமா.”

நீ கிண்ணத்தின் விளிம்பை விரலால் தொட்டாய்.

“அப்ப முடிஞ்சிட்டு, என்னட்டி?”

நான் கரண்டியால் ஓரத்தில் வெட்டி எடுத்தேன். நீ வாயைத் திறந்தாய். நான் ஊட்டினேன். இரண்டு கரண்டி தின்றாய். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கலாம், புளிப்பு பத்தாது என்றாய். உண்மையிலேயே ருசி தெரிந்ததா, எனக்காகச் சொன்னாயா என்று இன்றுவரை தெரியாது. பிறகு தம்பியைக் கூப்பிடச் சொன்னாய்.

அவன் வந்ததும் பொங்கல் கதையை ஆரம்பித்தான். நீ கையை உயர்த்தி நிறுத்தினாய்.

“அம்மாவக் கூட்டிட்டு வா. நா பேசுதப்பவே கூட்டிட்டு வா.”

வராந்தாவில் அவன் என்மேல் பாய்ந்தான். “அக்கா, சொல்லிட்டீங்களா?” நான் வாயைத் திறக்கவில்லை என்றேன். அது உண்மைதான், அதில் பாதிதான் உண்மை என்பதும் எனக்குத் தெரியும். அவன் சுவரில் தலையைச் சாய்த்து அழுதான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு டிக்கெட் எடுக்கப் போனான்.

திருச்செந்தூரைத் தாண்டி எங்கும் போயிராத உன் அம்மா, இரவல் ஸ்வெட்டரோடு விமானத்தில் வந்து இறங்கினார். முடி இல்லாத உன் தலையை முதலில் பார்க்கவே இல்லை, நேரே உன் காலடியில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நீ பேசிக்கொண்டே இருந்தாய். ஹாஸ்டல், சம்பளம், சண்டை, யாரையோ பிடித்திருந்து சொல்லாமல் விட்டது வரை எல்லாம் சொன்னாய். அவரும் சொன்னார். அப்பா இறந்துபோன வருஷத்தைப் பற்றி நீங்கள் இருவரும் அதுவரை பேசியதே இல்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என்னைப் பெட்டியில் வைத்து ஊருக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டாம், இங்கேயே புதையுங்கள் என்று நீ சொன்னபோது உன் தம்பி வெளியே எழுந்து போனான். அம்மா சரி என்றார்.

அடக்கத்தன்று மூடுபனி. பாதிரியார் குரல் மட்டும் கேட்டது. மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது உன் தம்பி என் பக்கத்தில் வந்து நடந்தான். வாசல் வந்ததும், “அம்மாவ அவ பாத்துட்டாள்லாக்கா” என்றான். நான் தலையசைத்தேன்.

நான் இப்போதும் நீ படுத்திருந்த அதே புற்றுநோய் வார்டில்தான் வேலை பார்க்கிறேன். போன வாரம் ஒரு பெரியவர், பிகார்க்காரர், வீட்டுக்கு எப்போது போகலாம் என்று இந்தியில் கேட்டார். அவர் தலைமாட்டில் நின்ற மகன் சொல்ல வேண்டாம் என்று எனக்குச் சைகை காட்டினான். முன்பெல்லாம் இந்த இடத்தில் டிரிப்பைச் சரிபார்ப்பதுபோல் திரும்பிக்கொள்வேன், டாக்டரைக் கேளுங்கள் என்பேன். இப்போது என்னால் முடிவதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உங்களுக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு பெயர் சொன்னார். சண்டை போட்டுப் பிரிந்திருந்த மூத்த மகளாம். மகனின் கை மெல்லக் கீழே இறங்கியது. அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.